டிராகன் பால் தெரியாமலே 'ப்ரோலி' படத்தைப் பார்ப்பது எப்படி

டிராகன் பால் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்க்க ஆசைப்படும் ஒருவர், தெரிந்தவரிடம் போய் எங்கே தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் ஆளை விரட்டுகிற பதில்தான் வரும். முதல் தொடர் 153 எபிசோடு, அப்புறம் டிராகன் பால் இசட் 291, அப்புறம் சூப்பர் 131, நடுநடுவே படங்கள் வேறு. தொடர்களை மட்டும் கூட்டினாலே 575 எபிசோடு. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கிற ஆள் இதைக் கேட்டால் என்ன செய்வார்? நமக்கு இது ஆகாது என்று விட்டுவிடுவார்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2018 டிசம்பர் 14 அன்று ஜப்பானில் வெளியான 'டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி' படத்திலிருந்தே நீங்கள் தொடங்கலாம். டிராகன் பால் படங்களில் இது இருபதாவது. பழைய ரசிகர்களை மனதில் வைத்து எடுத்த படம்தான், ஆனாலும் தனக்கு வேண்டிய முன்கதையில் பெரும்பகுதியைத் தானே முதலில் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் விட்ட மீதியை யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் போதும், அதைத்தான் இங்கே செய்கிறேன். கதையில் சில இடங்களைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கும், ஆனால் கடைசிச் சண்டை எப்படி முடிகிறது என்பதைச் சொல்ல மாட்டேன்.

முதலில், சரியான படத்தை எடுங்கள்

இதில்தான் புதியவர்கள் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ப்ரோலி என்று தேடினால் 1993இல் வந்த பழைய படமும் வரும், அது டிராகன் பால் இசட் வரிசையைச் சேர்ந்தது. அதற்கு 1994இல் இரண்டு தொடர்ச்சிகளும் வந்தன. நீங்கள் பார்க்க வேண்டிய படத்தின் பெயரில் 'சூப்பர்' என்ற சொல் இருக்கும், ஆண்டு 2018, நீளம் சுமார் 100 நிமிடம். இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

பழைய மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். புதிய படம் அவற்றின் தொடர்ச்சி இல்லை, ப்ரோலி என்ற அதே ஆளை எடுத்து அவன் கதையை அடியிலிருந்து மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய ப்ரோலிக்குத் தொடரின் நாயகன் கோக்குவின் மேல் ஏன் அத்தனை வெறி தெரியுமா? குழந்தையாக இருந்தபோது பக்கத்துத் தொட்டிலில் கோக்கு ஓயாமல் அழுதானாம், அதனால். அந்த ப்ரோலி கத்துவான், உடைப்பான், அவ்வளவுதான். புதிய ப்ரோலிக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. பழையதைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டும் மனதில் குழம்பும்.

இன்னொன்று, யூடியூபில் இந்தப் படத்தின் சண்டைகளை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டுகள் எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன. முழுப் படத்தைப் பார்க்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள், அவை எதற்காகச் சண்டை நடக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டிவிடும்.

பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சையன் என்பது ஒரு போர்வீரர் இனம். பார்க்க மனிதர்களைப் போலவே இருப்பார்கள், ஆனால் பிறக்கும்போதே வால் இருக்கும். வால் உள்ள சையன் பௌர்ணமி நிலவைப் பார்த்தால் ராட்சதக் குரங்காக மாறிவிடுவான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் ஒரு முக்கியமான விஷயம் இதன்மேல்தான் நிற்கிறது.

சையன்களின் கிரகம் ஃப்ரீசா என்ற கொடுங்கோலனுக்குக் கீழே இருந்தது. அவன் மற்ற கிரகங்களைப் பிடிக்கச் சையன்களைக் கூலிப்படையாகப் பயன்படுத்தினான், பிறகு அவர்களைக் கண்டே பயந்து கிரகத்தையே அழித்துவிட்டான். தப்பித்தவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் ஒருவன் கோக்கு, குழந்தையாகப் பூமிக்கு அனுப்பப்பட்டவன், அவனுடைய சையன் பெயர் ககாரோட். இன்னொருவன் இளவரசன் வெஜீட்டா, கர்வி. ஆரம்பத்தில் கோக்குவைக் கொல்ல வந்தவன், இப்போது பூமியில் குடும்பம் குட்டியோடு இருக்கிறான். இருவரும் சேர்ந்துதான் பயிற்சி செய்கிறார்கள், ஆனால் யார் பெரியவன் என்ற போட்டி மட்டும் தீர்ந்தபாடில்லை.

ஃப்ரீசா இரண்டு முறை செத்தவன். இந்தப் படத்துக்குச் சற்று முன்னால், சூப்பர் தொடரின் கடைசிப் பகுதியில், பல பிரபஞ்சங்கள் மோதிக்கொள்ளும் ஒரு போட்டியில் அவன் கோக்குவின் அணியில் நின்று சண்டை போட்டான், அதற்குப் பரிசாகத்தான் உயிர் திரும்பக் கிடைத்தது. அதனால் படத்தில் அவனைப் பார்த்ததும் கோக்கு ஆச்சரியப்படவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

டிராகன் பால் என்பவை ஏழு உருண்டைகள். ஏழையும் ஒன்றுசேர்த்தால் ஷென்ரான் என்ற டிராகன் வந்து கேட்டதைத் தரும். செத்தவரைக்கூட எழுப்பலாம். இந்தக் கதைகளில் யாரும் மரணத்துக்கு அவ்வளவாக அஞ்சாததற்கு இதுதான் காரணம். ஆனால் பெரிய வரங்களை விட்டுவிட்டு அற்பமான ஆசைகளுக்காக இவற்றைத் தேடுவதும் இந்தத் தொடரின் பழக்கம், இந்தப் படத்தில் ஃப்ரீசா கேட்க நினைப்பது ஐந்து சென்டிமீட்டர் உயரம். ஊதா நிறத்தில் பூனை மாதிரி ஒருவர் வருவார், அவர் அழிவின் கடவுள் பீரஸ். பக்கத்தில் கோலோடு நிற்பவர் விஸ். படத்தில் அவர்களுக்கு வேலை குறைவு, பெயர் தெரிந்தால் போதும்.

முடியின் நிறம்தான் கடைசி. கறுப்பு என்றால் சாதாரண நிலை, மஞ்சள் சூப்பர் சையன், சிவப்பு சூப்பர் சையன் காட், நீலம் சூப்பர் சையன் ப்ளூ. இந்த வரிசையில் பலம் ஏறுகிறது. இதற்குமேல் ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டாம். யாருடைய பலம் யாருடையதைவிட எத்தனை மடங்கு என்று ரசிகர்கள் இரவு பகலாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள், புதிதாக வருபவருக்கு அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

எந்த மொழியில் பார்ப்பது

முடிந்தால் ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலோடு. கோக்குவுக்குக் குரல் கொடுக்கும் மசாகோ நொஸாவா 1986இல் முதல் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அதே வேலையைச் செய்து வருபவர். 1936இல் பிறந்தவர், இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 82. கோக்குவுக்கு மட்டுமல்ல, கோக்குவின் அப்பா பார்டாக்குக்கும் அவர்தான் குரல். முதல் பகுதியில் பார்டாக் பேசுவதைக் கேட்டுவிட்டு, பின்னால் கோக்கு பேசுவதையும் கவனியுங்கள். ஒரே தொண்டைதான், ஆள் வேறு என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். ப்ரோலிக்குக் குரல் கொடுத்த பின் ஷிமாடா 1993 படத்திலிருந்தே ப்ரோலியாக இருப்பவர். புதிய ப்ரோலி அதிகம் பேசமாட்டான், பேசும்போது வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசுவான், அந்தத் தயக்கத்தை அவர் கொண்டுவரும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது.

சப்டைட்டில் படிக்கச் சோம்பலாக இருக்கிறதே என்றால் ஆங்கில டப்பிங்கிலேயே பாருங்கள், குற்றமில்லை. பின்பாதியில் படிப்பதற்கு ஏறக்குறைய எதுவுமே கிடையாது.

திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன், போனில் பார்க்காதீர்கள். டிவி இருந்தால் டிவி, இல்லாவிட்டால் லேப்டாப், அறை இருட்டாக இருக்கட்டும், ஒலி நன்றாகக் கேட்கட்டும். நொரிஹிதோ சுமிதோமோவின் பின்னணி இசையில் சண்டை போடுபவர்களின் பெயர்களையே கோஷமாகக் கத்துகிற இடங்கள் வரும், சின்ன ஸ்பீக்கரில் அது வெறும் இரைச்சலாகிவிடும். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் காட்சிகள் நிறைய இருக்கின்றன, அதனால் வலிப்பு வரக்கூடியவர்கள் தவிர்ப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதானால் ரத்தத்தைவிட ஓர் அப்பா மகனை நடத்தும் விதம்தான் அவர்களைப் பாதிக்கும், பக்கத்தில் இருங்கள்.

முதல் பகுதியை ஓட்டிவிடாதீர்கள்

படம் 41 வருடங்களுக்கு முந்தைய சையன் கிரகத்தில் தொடங்குகிறது. கோக்குவும் வெஜீட்டாவும் பெரியவர்களாக வர நேரமாகும். சண்டை எப்போது வரும் என்று பொறுமை இழந்து நகர்த்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், புதியவர்கள் அப்படிச் செய்யவே கூடாது, உங்களுக்கு வேண்டிய முன்கதையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

அதில் இரண்டு அப்பாக்களைப் பாருங்கள். ஒருவர் பார்டாக், கடைநிலைச் சிப்பாய். ஃப்ரீசா எல்லாச் சையன்களையும் கிரகத்துக்குத் திரும்பச் சொன்னதும் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, ஒரு விண்கலத்தைத் திருடி, மனைவி கினேவும் தானுமாகச் சேர்ந்து சின்னப் பையன் ககாரோட்டைப் பூமிக்கு அனுப்புகிறார். மற்றவர் பராகஸ். அவருடைய மகன் ப்ரோலி பிறக்கும்போதே அளவுக்கு மீறிய பலத்தோடு பிறந்துவிடுகிறான், இளவரசன் வெஜீட்டாவையே மிஞ்சிவிடுவான் போலிருக்கிறது. பொறாமை பிடித்த ராஜா அந்தக் குழந்தையை வாம்பா என்ற மனித வாடையே இல்லாத ஒரு வறண்ட கிரகத்துக்கு நாடு கடத்துகிறார். பராகஸ் மகனைத் தேடிப் பின்னாலேயே பறக்கிறார், போன இடத்தில் கப்பல் பழுதாகிவிடுகிறது, அங்கேயே மாட்டிக்கொள்கிறார். மகனைக் காப்பாற்றத்தான் போனார், ஆனால் ராஜாவைப் பழிவாங்கும் வெறி ஏறி அதே மகனை ஆயுதமாக்கத் தொடங்குகிறார். முழுப் படமும் இந்த இரண்டு அப்பாக்களின் நடுவிலுள்ள வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இந்தத் தொடரின் மூல மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வரைந்த அகிரா தொரியாமாவே இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். பழைய படத்துக்காக ப்ரோலியின் உருவத்தை வரைந்து கொடுத்தவரும் அவர்தான், ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்ததாகவும், இவனுக்கு இத்தனை ரசிகர்கள் இருப்பதை எடிட்டர் மூலம் தெரிந்துகொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். தொரியாமா 2024 மார்ச் 1 அன்று 68 வயதில் காலமானார்.

ப்ரோலியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

கோக்கு நாயகன், ஃப்ரீசா வில்லன் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் இது சுமாரான படம். ப்ரோலியின் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது ஒரு காட்சிகூட வீணாகத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அவன் இடுப்பில் பச்சை நிறத்தில் ஒரு தோலைக் கட்டியிருப்பான். சும்மா அலங்காரம் என்று நினைப்போம். ஃப்ரீசாவின் படையைச் சேர்ந்த சீலாய், லெமோ என்ற இரண்டு சாதாரணச் சிப்பாய்கள் அவனையும் அப்பாவையும் வாம்பாவிலிருந்து கூட்டிவருகிறார்கள். அவன் கழுத்தில் ஒரு பட்டை இருக்கிறது, அப்பாவின் கையிலுள்ள ரிமோட்டை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து துடித்து விழுவான். கப்பலில் சீலாயிடம் ஒருவன் வம்பு செய்கிறான், ப்ரோலி குறுக்கே புகுந்து அவனை அடித்துத் துவைக்கிறான், உடனே பராகஸ் ரிமோட்டை அழுத்துகிறார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் சீலாய் அந்த ரிமோட்டைக் கமுக்கமாக அவரிடமிருந்து அடித்துவிடுகிறாள், அதோடு அது ஒழிகிறது.

பிறகு மூவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தத் தோல் என்ன என்று கேட்கிறாள். பா என்கிறான் ப்ரோலி. வாம்பாவில் இருந்த ஒரு மாபெரும் மிருகம், அவன் அதனோடு தினமும் தப்பித்துத் தப்பித்து விளையாடுவான், இருவரும் சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். மகனுக்கு நட்பு வந்தால் சண்டைப் புத்தி போய்விடும் என்று பயந்த அப்பா அந்த மிருகத்தின் காதைச் சுட்டு அறுத்துவிட்டார், அதன்பிறகு அது அவனோடு விளையாட வரவே இல்லை. இடுப்பில் இருப்பது அந்தக் காது. சண்டைப் படம் என்று பெயர் வாங்கிய படத்தில், சத்தமே இல்லாமல் மூன்று பேர் தின்றுகொண்டு பேசும் இந்தக் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் மீதிப் படம் கையைவிட்டுப் போய்விடும்.

சண்டைப் பகுதி

பின்பாதி ஏறக்குறைய முழுக்க ஒரே சண்டை. பனி மூடிய நிலத்தில் தொடங்குகிறது, போகப்போகப் பனி உருகி, தரை பிளந்து, நெருப்புக் குழம்பு வரை இறங்குகிறது. இவ்வளவு நீளமான சண்டையைப் பழக்கமில்லாதவர் எப்படித் தாங்குவது? பெரிய படமாகப் பார்க்காமல் ஒவ்வொரு சுற்றிலும் ப்ரோலி என்ன கற்றுக்கொள்கிறான் என்று பாருங்கள்.

முதலில் இறங்குவது வெஜீட்டா. ப்ரோலிக்கு இதற்குமுன் நிஜமான சண்டை அனுபவமே கிடையாது. வெஜீட்டா அடிக்கிறான், இவன் வாங்குகிறான், வாங்கிய அடியையே அடுத்த நிமிடம் திருப்பி அடிக்கிறான். வெஜீட்டா நிறம் மாற்ற மாற்ற இவனும் ஏறிக்கொண்டே வருகிறான். ஒரு கட்டத்தில் கண்கள் மஞ்சளாகி உடம்பு பருக்கிறது. வாலும் நிலவும் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ப்ரோலியின் வாலை அப்பா எப்போதோ எடுத்துவிட்டார், ஆனால் அந்த ராட்சதக் குரங்கின் பலம் மட்டும் மனித உடம்புக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. சங்கிலியிலேயே வளர்ந்த யானைக்கு மதம் பிடித்தது மாதிரிதான், யார் எதிரி யார் வேண்டியவர் என்றே அவனுக்குத் தெரிவதில்லை.

அடுத்து கோக்கு. சிவப்பு முடியோடு ப்ரோலியை அசையவிடாமல் பிடித்து நிறுத்திக்கொண்டு, உன்னைப் பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை என்கிற மாதிரிப் பேசிப் பார்ப்பான். சில விநாடிகள்தான், கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். அந்தக் களத்தில் ப்ரோலியை மனிதனாக நினைத்துப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். அப்புறம் சண்டை போடுபவனின் கண் வழியாகவே நாம் பார்ப்பதுபோல ஒரு பகுதி வரும், தலை சுற்றும், நன்றாகவும் இருக்கும்.

நடுவில் கோக்குவும் வெஜீட்டாவும் பிக்கொலோ என்ற பச்சை நிற ஆசாமியிடம் போவார்கள், அங்கே கோக்கு வெஜீட்டாவுக்கு ஒரு நடனம் சொல்லித்தருவான். புதியவர்கள் இங்கேதான் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த நடனத்தை இருவரும் அச்சுப் பிசகாமல் ஒரே நேரத்தில் ஆடி விரல்நுனிகளைச் சேர்த்தால் ஒரே ஆளாகிவிடுவார்கள், கொஞ்ச நேரத்துக்கு. அந்த ஆளின் பெயர் கோஜீட்டா, 1995இல் வந்த ஒரு பழைய படத்தில் முதலில் தலைகாட்டியவன். பிசகினால் குண்டாகவோ ஒல்லியாகவோ சொதப்பலாக வந்து சேரும், திரும்ப முயல அரைமணி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுவதும் ப்ரோலியிடம் யார் அடி வாங்குகிறார் என்று பாருங்கள், தியேட்டரே சிரித்திருக்கும்.

வரைகலையைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் பாத்திர வடிவமைப்பையும் அனிமேஷன் மேற்பார்வையையும் செய்தவர் நவோஹிரோ ஷிந்தானி. அதுவரை இருந்த கட்டிதட்டிய, பளபளக்கும் தசைகளை விட்டுவிட்டு மெல்லிய கோடுகளுக்குப் போனார், அதனால்தான் உடல்கள் இத்தனை லேசாகத் திரும்புகின்றன, வளைகின்றன. இயக்குநர் தத்சுயா நகாமினே. சில இடங்களில் கம்ப்யூட்டர் உருவங்கள் கையால் வரைந்தவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியும், அது உண்மைதான். எனக்கு அது பெரிய உறுத்தலாகப் படவில்லை.

பார்த்து முடித்த பிறகு

பிடிக்கவில்லையா, சரி, 100 நிமிடம்தான் போயிற்று. பிடித்திருந்தால் அடுத்து எங்கே போவது என்பது உங்களை எது இழுத்தது என்பதைப் பொறுத்தது.

கோக்குவும் வெஜீட்டாவும் இழுத்தார்கள் என்றால் சூப்பர் தொடரின் 77ஆவது எபிசோடிலிருந்து கடைசி 131 வரை பாருங்கள், ஃப்ரீசா உயிர் பெற்ற அந்தப் போட்டி அங்கேதான் வருகிறது. சூப்பரின் ஆரம்ப எபிசோடுகள் 2013, 2015 ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களையே இழுத்து நீட்டியவை, அந்த 27 எபிசோடுகளுக்குப் பதில் அந்த இரண்டு படங்களைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஃப்ரீசாவின் பழைய அட்டகாசம் தெரிய வேண்டுமா, டிராகன் பால் இசட் காய் எடுத்துக்கொள்ளுங்கள், 2009இல் தொடங்கியது, இசட்டின் 291 எபிசோடுகளில் இருந்த ஜவ்வை வெட்டி எறிந்து சுமார் 160க்குக் கொண்டுவந்தது. ஆற அமர முழுசாகப் போக முடிந்தவர்கள் 1986 தொடரிலிருந்தே போங்கள், சின்னக் கோக்குவின் அந்தச் சாகசப் பயணத்துக்கு ஈடு இணை கிடையாது. ஜிடி என்ற 64 எபிசோடு தொடரை இப்போதைக்கு விட்டுவிடலாம், அது வேறு வழியில் போகிற கதை.

ப்ரோலிதான் இழுத்தான் என்றால் நேராக 2022இல் வந்த 'டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ' படத்துக்குப் போங்கள். அது பிக்கொலோவும் கோக்குவின் மகன் கோஹானும் தாங்குகிற படம், ப்ரோலிக்குச் சின்ன வேடம்தான், ஆனால் சீலாயும் லெமோவும் அவனோடு எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பெயர்கள் ஓடி முடிந்த பின்னும் ஒரு காட்சி வரும், வெஜீட்டாவைப் பிடித்துப்போனவர்கள் அதுவரை எழுந்துவிட வேண்டாம்.